போட்டோவில் இருக்கிறது நான்தானே?

கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் "உங்க லைசென்ஸ் தேதி முடிஞ்சிருச்சுங்க" என்று சொன்னால் அவர் வெட்கப்பட மாட்டார். கோபப்படுவார். அந்தக் கோபம் லைசென்ஸ் மேலும் போகாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மேலும் போகாது. சொன்ன ஆள் மேல்தான் வரும். செல்போன் கடையில் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்தான் பெரும்பாலும் அந்த ஆள்.

கடை பஸ் ஸ்டாண்ட் பக்கம். பின்னால் ஒரு மரத்தடுப்பு, அதற்குள் என் வீட்டுக்காரர் சர்வீஸ் பார்ப்பார்: டிஸ்பிளே, சார்ஜிங் பின், தண்ணீரில் விழுந்த போன். முன்னால் ரீசார்ஜ், கவர், டெம்பர் கிளாஸ், சிம் எல்லாம் என் பாடு. கவருக்கும் கிளாஸுக்கும் காசைக் கொடுத்தால் கதை முடிந்தது. சிம்முக்கு அப்படி இல்லை. ஆள் யாரென்று காட்ட வேண்டும். அங்கேதான் வாய்ச்சண்டை ஆரம்பிக்கும்.

வேப்பனப்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம், மத்தூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே மத்தியானத்தில் கேட்கும். எந்த மொழியில் பேசினாலும் சட்டைப் பையிலிருந்தோ சுருக்குப் பையிலிருந்தோ வெளியே வருகிற கார்டைப் பார்த்ததும் எனக்குப் பாதி கதை தெரிந்துவிடும். லேமினேஷன் ஓரம் பிரிந்து, உள்ளே வேர்வை இறங்கி, போட்டோவில் மூக்குக்கு மேலே மஞ்சள் படர்ந்திருக்கும். அதைத் திருப்பிப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம், தேதி போயிருக்கும் என்று. ஆனாலும் திருப்பிப் பார்ப்பேன். பார்க்காமல் சொன்னால் சண்டை இரண்டு மடங்காகும்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கார்டில் போட்ட தேதியை அரசாங்கமே எப்போது கடைசித் தேதியாக வைத்திருந்தது? பழைய ரேஷன் கார்டை நினைத்துப் பாருங்கள். 2005இல் கொடுத்த புத்தகம், 2009 வரைக்கும்தான் கணக்கு. அதற்கப்புறம் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டினார்கள். 2017இல் ஸ்மார்ட் கார்டு வருகிறவரை ஒட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். எங்கள் மாமியார் வீட்டுக் கார்டு கடைசியில் பசை காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. அதைக் கொண்டுபோய்த்தான் அரிசி வாங்கினோம், பொங்கல் பரிசு வாங்கினோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால், புது பஸ் பாஸ் வரும்வரை பழைய பாஸைக் காட்டியோ யூனிஃபார்மோடோ ஏறலாம் என்று போக்குவரத்துத் துறையே அறிவிக்கிறது. கொரோனாவில் இன்னும் மேலே போய்விட்டார்கள். 2020 பிப்ரவரியிலிருந்து முடிந்த லைசென்ஸ், ஆர்.சி., பர்மிட் எல்லாம் செல்லும் என்று சொல்லி, அந்தக் கெடுவை 2021 வரை தள்ளித் தள்ளிக்கொண்டே போனார்கள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவருக்குத் தேதி என்பது எப்படியும் ஒருநாள் நீட்டிக் கொடுக்கப்படுகிற சமாச்சாரம். அவரிடம் போய் "தேதி முடிஞ்சிருச்சு" என்றால், "அதுக்கென்ன இப்போ?" என்றுதான் கேட்பார். ஏமாற்ற வந்தவர் இல்லை அவர். ஏமாற்ற வருகிறவன் கொண்டுவருகிற கார்டு பளபளவென்று புத்தம்புதிதாக இருக்கும், தேதி பத்து வருஷத்துக்கு ஓடும். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

எங்கள் கடைக்கு வருகிற தேதி முடிந்த கார்டுகளில் முக்கால்வாசி டிரைவிங் லைசென்ஸ்தான். காரணம் எளிது. ஆதார் பீரோவில் இருக்கும். பாஸ்போர்ட் இருந்தால் அதுவும் பீரோவில், துணிக்கு அடியில். லைசென்ஸ் மட்டும்தான் எப்போதும் பையில் இருக்கிற கார்டு. போலீஸ் கேட்குமே என்று வைத்திருப்பார்கள். அதனால் அவசரத்துக்குக் கை போவதும் அதன் மேல்தான். வாக்காளர் அட்டைக்கு முடிவுத் தேதி என்ற ஒன்றே கிடையாது. பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்குப் பத்து வருஷம். ஆதாருக்கும் முடிவு இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை அடையாள, முகவரிச் சான்றுகளைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று 2022இல் ஒரு திருத்தம் வந்தது. "பத்து வருஷம் ஆன ஆதார் செத்துப்போச்சாமே" என்று அது ஊருக்குள் பரவி, நல்ல கார்டை வைத்துக்கொண்டே பயந்து வருகிறவர்கள் இப்போது ஒரு தனிக் கூட்டம். அப்படியெல்லாம் சாகாது. புதுப்பித்தால் நல்லது, அவ்வளவுதான்.

லைசென்ஸ் கணக்குதான் கொஞ்சம் சிக்கல். முன்பெல்லாம் எடுத்ததிலிருந்து 20 வருஷம் அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயதுவரை; 30இலிருந்து 50க்குள் என்றால் பத்து வருஷம்; 50 தாண்டி 55க்குள் என்றால் 60 வயதுவரை; அதற்கு மேல் ஐந்து ஐந்து வருஷமாக. இது பைக், கார் ஓட்டுகிறவர்களுக்கு. லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தனித் தேதி, ஐந்து வருஷம்தான். இரண்டும் ஒரே கார்டில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். லாரிக்கான தேதி முடிந்திருக்கும், சொந்த வண்டிக்கான தேதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஆளைத் திருப்பி அனுப்புகிற கடைப் பையன்கள் உண்டு. ஆகவே கார்டை வாங்கினால் இரண்டு வரியையும் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் லைசென்ஸில் இருக்கிற தேதி ஆளைப் பற்றியதே இல்லை. கண் தெரிகிறதா, கை கால் ஒத்துழைக்கிறதா, இன்னும் வண்டி ஓட்டலாமா என்பதற்கான தேதி அது. 40 வயது தாண்டியவர்கள் புதுப்பிக்கப் போனால் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பது அதற்காகத்தான். ஓட்டுகிற தகுதி முடிந்ததால் ஒருவர் பெயரும் அப்பா பெயரும் மாறிவிடுமா என்ன? கேட்கிறவர்கள் இதையேதான் வேறு விதமாகக் கேட்கிறார்கள். "ஏம்மா, இந்த போட்டோவில இருக்கிறது நான்தானே?" ஆமாம், நீங்கள்தான். எனக்குத் தெரிகிறது. ஆனால் கம்பெனிக்குப் போகிற படிவத்தில் "எனக்குத் தெரியும்" என்று எழுத இடமில்லை. செல்லுபடியாகிற ஆவணம் என்று கேட்கிறார்கள், காலம் முடிந்ததை அனுப்பினால் திரும்பி வரும், கேள்வி என் பெயருக்கு வரும். விதி எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை என்பதற்காக விதியை நான் மாற்ற முடியாது. அதே சமயம், பிடிக்கவில்லை என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்கவும் மாட்டேன். "உங்க கேள்வி சரிதாங்க, ஆனா இதை வெச்சு என்னால போட முடியாது" என்று சொல்லும்போது பாதிப் பேர் இறங்கி வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று இந்தப் பக்கத்துக்கே உரியது. பழைய கார்டுகளில் கிருஷ்ணகிரி ஆளுக்கும் "தருமபுரி மாவட்டம்" என்றுதான் இருக்கும். 2004 பிப்ரவரி 9ஆம் தேதிதான் நாங்கள் தருமபுரியிலிருந்து பிரிந்தோம். தருமபுரியே 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தது. எனவே ஊத்தங்கரைப் பக்கம் ஒரே வீட்டில் தாத்தாவின் பத்திரத்தில் சேலம் ஜில்லா, அப்பாவின் லைசென்ஸில் தருமபுரி, மகனின் ஆதாரில் கிருஷ்ணகிரி இருக்கும். யாரும் வீடு மாறவில்லை. அப்பாவின் லைசென்ஸ் நம்பர் டி.என். 29 என்று ஆரம்பிக்கும், மகனுடையது டி.என். 24. ஓசூர்ப் பக்கம் போனால் டி.என். 70. வெளியூரிலிருந்து போன் செய்து சரிபார்க்கிற கம்பெனி ஆட்களுக்கு இது புரியாது. "மேடம், டிஸ்ட்ரிக்ட் மிஸ்மேட்ச்" என்பார்கள். அவர்களுக்கு மாவட்ட வரலாறு பாடம் எடுப்பதும் என் வேலையில் சேர்த்தி. இதற்கெல்லாம் கமிஷன் கிடையாது.

மாம்பழ சீசன் நேரத்தில் ஒரு லாரி டிரைவர் வந்தார். ஐம்பதுக்கு மேல் வயது, பர்கூர்ப் பக்கம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போனை அடித்துவிட்டார்கள். சாயந்திரம் லோடு ஏற்ற வேண்டும், மண்டிக்காரர் கூப்பிடுகிற நம்பர் அது, அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வேண்டும். லைசென்ஸை நீட்டினார். இரண்டு தேதியும் முடிந்திருந்தது.

சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரியே முகம் சிவந்தது.

"இதை வெச்சுத்தான் முந்தாநாள் நெல்லூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன். எவனும் கேக்கல. நீ ஒரு சிம்முக்கு கேக்கறியே கண்ணு."

நெல்லூர் போனதற்கு நான் என்ன சொல்ல? அதை விட்டுவிட்டு, "ஆதார் எங்கீங்க இருக்குது?" என்றேன். வீட்டில். வீட்டிலிருந்து எடுத்துவர பஸ் ஏறி இறங்க இரண்டு மணி நேரம். அரசாங்கத்தின் டிஜிலாக்கர் ஆப்பில் எடுக்கலாம் என்றால் ஓ.டி.பி. தொலைந்த நம்பருக்குத்தான் போகும். இந்தச் சிக்கலில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போன் தொலைந்ததால் சிம் வேண்டும், சிம் வாங்க அடையாளம் வேண்டும், அடையாளத்தை எடுக்கத் தொலைந்த போன் வேண்டும்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. கைரேகை வைத்து கே.ஒய்.சி., அதாவது ஆள் யாரென்று சரிபார்ப்பதை, செய்வதற்கு ஆதார் கார்டு கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நம்பரும் விரலும் போதும். அவர் அந்த சிம்மை வாங்கியதும் ஆதாரில்தான். என் போனைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொன்னேன். மனைவி நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடம், அது ஒரு அதிர்ஷ்டம். அந்தம்மா பீரோவைத் திறந்து, கார்டைத் தேடி எடுத்து, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு எண்ணையும் நாலு நாலாகப் படிக்க வைத்தார்கள். கூடவே அங்கிருந்தே ஒரு வசவும் விழுந்தது, போனைத் தொலைத்ததற்கு.

அடுத்து விரல். தார்ப்பாய்க் கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துபோன விரல்கள். கட்டை விரல் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல் எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, விரலைத் தலைமுடியில் ஒரு தேய் தேய்க்கச் சொன்னேன், எண்ணெய்ப் பசை ஒட்டினால் சில சமயம் பிடிக்கும். பிடிக்கவில்லை. கிரானைட் பாலிஷ் பட்டறை ஆட்களுக்கும் இதே பிரச்சினைதான். பத்து விரலில் எது வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதை மறந்துவிட்டு, கட்டை விரலையே அழுத்தி அழுத்தி வைத்துவிட்டு "மெஷின் வேலை செய்யல" என்று அனுப்பிவிடுவார்கள் பல இடங்களில். இடது கை மோதிர விரலை வைக்கச் சொன்னேன். வேலைக்கு அதிகம் போகாத விரல். பச்சை விளக்கு எரிந்தது.

"மோதிரம் போடாத வெரலுக்கு இந்த மரியாதையா?" என்றார். அதற்குள் கோபம் எல்லாம் போயிருந்தது. சிம்மைக் கொடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொன்னேன்: சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, பேங்க் ஓ.டி.பி. வராது, நாளைக்கு மத்தியானம்வரை பணம் அனுப்புகிற வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லாமல் அனுப்பினால் அன்றைக்கு இரவே சுங்கச்சாவடியில் நின்றுகொண்டு கடைக்குப் போன் செய்து திட்டுவார்கள். லைசென்ஸையும் சொன்னேன். முடிந்து ஒரு வருஷத்துக்குள் போனால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், ஒரு வருஷம் தாண்டினால் மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு தேதி முடிந்தாலும் முப்பது நாள் சலுகை இருந்தது, 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள். "முப்பது வருஷமா ஓட்டறேன், எனக்கு டெஸ்ட்டா?" என்றார். தேதியைப் பார்த்தேன், இன்னும் மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதத்துக்குள் போனால் டெஸ்ட் இல்லை என்றேன். போனாரா என்பது தெரியாது.

முடியாது என்று சொல்வதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது வராது. தடுப்புக்குப் பின்னாலிருந்தே "தேதி முடிஞ்சிருச்சுன்னா செல்லாதுங்க, வேற கொண்டாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். கடையில் நாலு பேர் நிற்பார்கள், நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேருக்கு முன்னால் செல்லாமல் போவது கார்டு இல்லை, ஆள். அதற்கப்புறம் அவர் எந்த வழி சொன்னாலும் கேட்க மாட்டார்.

நான் கார்டை என் கையில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. அதை முதலில் அவர் கைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கார்டு கடைக்காரி கையில் இருக்கும்வரை பறிகொடுத்த மாதிரி ஒரு பதற்றம் இருக்கும். கொடுத்துவிட்டு, அந்தத் தேதி வரியை விரல் வைத்துக் காட்டி அவரையே படிக்கச் சொல்வேன். படிக்கத் தெரியாதவர் என்றால் நானே மெதுவாகப் படிப்பேன். குரலைத் தாழ்த்தினால் எதிராளியும் தாழ்த்துவார், பெரும்பாலும். அடுத்த வார்த்தை எப்போதும் வேறு எது இருக்கிறது என்பதாக இருக்க வேண்டும். ஆதார் இருக்கா, ஓட்டு கார்டு இருக்கா, நம்பர் ஞாபகம் இருக்கா, வீட்டில் யார் இருக்காங்க. "இது செல்லாது" என்பதோடு நிறுத்தினால் கதவைச் சாத்துகிற மாதிரி ஆகிவிடும்.

கோபக்காரர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். தெரிந்தவர்கள்தான் சிரமம். ஒன்றுவிட்ட மச்சினர், தெருக்காரர், எங்கள் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர். "நம்ம பொண்ணு கடைதானே" என்று முடிந்துபோன கார்டை மேஜை மேல் வைத்துவிட்டு டீ சொல்லப் போய்விடுவார்கள். அவர்களிடம் மட்டும் நான் விதியைப் பேசுவதில்லை. படம் பிடித்துக் காட்டிவிடுவேன். ஆப்பைத் திறந்து, வாடிக்கையாளர் போட்டோவை அங்கேயே எடுக்கச் சொல்கிற திரையைக் காட்டி, எடுத்த இடம், நாள், நேரம் எல்லாம் அதில் பதிகிறது, அதோடு என் பெயரும் போகிறது பாருங்கள் மாமா என்பேன். சொந்தக்காரப் பெண்ணின் பெயர் போலீஸ் வரைக்கும் போகும் என்றால் மாமாவுக்கே மனசு வராது. உண்மையும் அதுதான். 2023 டிசம்பரிலிருந்து சிம் விற்கிற ஒவ்வொரு கடையும் கம்பெனியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பேப்பர் படிவம், ஒட்டின போட்டோ எல்லாம் 2024 ஜனவரியோடு முடிந்தது.

போட்டோ என்றதும் ஒன்று. திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களால் எனக்குத் தனித் தொல்லை. கார்டில் தேதி நன்றாக இருக்கும், மீசையும் கிராப்புமாக ஒருவர் சிரிப்பார், எதிரில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக இன்னொருவர் நிற்பார். சில சமயம் எனக்கே சந்தேகம் வரும்.

இனி அந்த இன்னொரு கதை, ஏமாற்றுகிறவர்கள் கதை. தேதி முடிந்த கார்டோடு வருகிறவரை நான் திருப்பி அனுப்பினால் அவர் நேராக வீட்டுக்குப் போவார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த தெருவில் ஒரு கடை இருக்கும். எந்த ஊரிலும் இருக்கும். "அட்ஜஸ்ட் பண்ணித் தரேன்" என்பார்கள். எப்படி அட்ஜஸ்ட் ஆகிறது? இன்னொருவர் ஆதாரில் ஏற்கெனவே போட்டு வைத்த சிம் ஒன்று மேஜை டிராயரில் இருக்கும். அந்த இன்னொருவர் யார்? போன வாரம் தன் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கிப் போன ஏதோ ஒரு பாட்டி. அவரிடம் "ரேகை பதியல, இன்னொரு வாட்டி வைங்க" என்று சொல்லியிருப்பார்கள். முதல் தடவையே பதிந்துவிட்டது. இரண்டாவது தடவை வைத்த விரல் இரண்டாவது சிம்முக்கு. பாட்டிக்குத் தெரியாது. வாங்கிப் போகிறவருக்கும் தன் கையில் இருப்பது யார் பெயரில் என்று தெரியாது.

இப்படி வெளியே போகிற சிம்களில் சில, பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று பணம் பறிக்கிற கூட்டத்திடம் போய்ச் சேரும். பணம் போனவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்வார், நம்பரைத் தேடினால் பாட்டியின் வாசலில் போலீஸ் வந்து நிற்கும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் மூன்று வருஷம்வரை சிறை, 50 லட்சம்வரை அபராதம். அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுத்தவர் அதைச் சொல்லியா கொடுப்பார்? முடிந்துபோன கார்டை நான் வாங்க மறுக்கும்போது கறாராக இருக்கிறேன் என்று தோன்றும். அட்ஜஸ்ட் செய்கிறவர் நல்லவராகத் தெரிவார். எனக்கு இருக்கிற ஒரே வயிற்றெரிச்சல் இதுதான்.

சிம் வாங்கினவர்கள் எல்லாருக்கும் ஒன்று சொல்வேன். சஞ்சார் சாத்தி என்று மத்திய அரசின் தளம் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று அதில் பார்க்கலாம். ஒருவருக்கு ஒன்பதுதான் உச்சவரம்பு. உங்களுடையது அல்லாத நம்பர் தெரிந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்பவர்களுக்கு நானே எடுத்துக் காட்டுவேன். மூன்று நம்பர் என்று நினைத்து வந்தவருக்கு ஏழு காட்டியபோது அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

வடக்கிலிருந்து வேலைக்கு வருகிற பையன்களும் உண்டு. கட்டட வேலை, கல் வேலை, சீசனில் மாங்கூழ் ஆலை வேலை. அவர்கள் கார்டில் தேதிப் பிரச்சினை ஏறக்குறைய இருக்காது, எல்லாம் ஆதார். அவர்களிடம் உள்ளூர் விலாசம், உள்ளூரில் தெரிந்த ஒருவரின் நம்பர் கேட்க வேண்டியிருக்கும். மேஸ்திரி நம்பரைச் சொல்வார்கள். மேஸ்திரிக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார். அதோடு அந்த அத்தியாயம்.

தேதி முடியாத ஆதாரும் முடிந்துபோகிற ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கணவரின் சிம் வேலை செய்யவில்லை, மாற்றித் தர வேண்டும். கணவரின் ஆதாரை நீட்டினார்கள். அவரை வரச் சொல்லுங்க, ரேகை வைக்கணும் என்றேன். அந்தம்மா கார்டை எடுத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். பிறகு, "அவரு போய் எட்டு மாசம் ஆச்சு பாப்பா" என்றார்கள்.

அழவெல்லாம் இல்லை. அவர்களுடைய கவலை முழுக்க வேறு. கேஸ் புக் பண்ணுகிற நம்பர் அது. பேங்க் புத்தகத்தில் இருக்கிற நம்பர் அது. பால் சொசைட்டியில் கொடுத்ததும் அதேதான். புது நம்பர் வாங்கினால் எல்லா இடத்துக்கும் நடையாக நடக்க வேண்டும், பக்கத்தில் கூட்டிப்போகவும் ஆள் இல்லை. கூட வந்த அக்கா மகன், "ரேகைக்கு வேற யாராவது வெச்சா எடுக்காதாக்கா?" என்று கேட்டான். எடுக்காது, எடுத்தாலும் வைக்கக் கூடாது என்றேன். செத்தவர் ஆதாரை வைத்து எதையும் வாங்குவது பிற்பாடு அந்தம்மாவுக்கே வம்பாக முடியும்.

வழி இருக்கிறது, எங்கள் கடையில் இல்லை, கம்பெனியின் சொந்த ஷோரூமில். இறப்புச் சான்றிதழ், அந்தம்மாவின் ஆதார், உறவைக் காட்டுகிற ஆவணம், பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்கிற கடிதம். இவற்றைக் கொடுத்தால் அதே நம்பரை மனைவி பெயருக்கு மாற்றித் தருவார்கள். நம்பரை ரொம்ப நாள் சும்மா போட்டால் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும், அதனால் ரீசார்ஜை விடாதீர்கள் என்று சொல்லிக் குறைந்த தொகைக்கு ஒரு ரீசார்ஜ் செய்துவிட்டேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கவுன்ட்டரில் கேட்க வேண்டும் என்பதையும் எழுதினேன், ஏனென்றால் அங்கே டோக்கன் போடுகிற பையனிடம் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போய்விடும். நம்பர் மாறி வந்த பிறகு அந்தம்மா ஒரு போன் கவர் வாங்க வந்தார்கள். பேரம் பேசினார்கள், நானும் குறைக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், தினம் தினம் வாய் வலிக்கப் பேசுவதற்கு ஒரு போர்டு வைத்துவிடலாம் என்றார். போர்டு வைத்தால் யார் படிக்கிறார்கள் என்றேன் நான். இரண்டு வாரம் இதே பேச்சு. கடைசியில் அவர் பிளெக்ஸ் கடையில் அடித்துக்கொண்டு வந்து கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார், சிவப்பு எழுத்தில்: "தேதி முடிந்த லைசென்ஸ், பாஸ்போர்ட் வாங்கப்பட மாட்டாது." கீழே காலியாக இருந்த இடத்தில் நான் மார்க்கரால் எழுதினேன்: ஆதார் கார்டு கையில் இல்லாவிட்டாலும் நம்பர் இருந்தால் போதும், விரல் பதியாவிட்டால் வேறு விரல் வைக்கலாம், லைசென்ஸ் முடிந்து ஒரு வருஷத்துக்குள் போனால் டெஸ்ட் இல்லை.

ஆச்சரியமாக, படிக்கிறார்கள். மார்க்கர் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள்கூட உண்டு. சிவப்பு எழுத்தைப் படிக்கிறவர்கள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

"இது உங்க கடைக்கு மட்டுமா, எல்லாக் கடைக்குமா?"

எல்லாக் கடைக்கும்தான் என்கிறேன். அடுத்த தெருவைப் பற்றி அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிலர் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கிறார்கள். சிலர் வீட்டுக்குப் போன் போட என் போனைக் கேட்கிறார்கள்.